நீள்வட்டப் பாதையில் கருந்துளைகள்: ஈர்ப்பலை நிரல் முரண்டு பிடிக்கும்போது

வட்டப் பாதையில் சுற்றி இணையும் இரண்டு கருந்துளைகள் வெளியிடும் ஈர்ப்பலையின் (வெளி-காலத்தில் பரவும் நெளிவின்) அலைவடிவத்தை இன்று எவரும் பைதானில் நாலு வரி எழுதி எடுத்துவிடலாம். பாதை கொஞ்சம் நீண்டு நீள்வட்டமானால், அதே ஆள் அதே கணினியின் முன்னால் மூன்று நாள் உட்கார வேண்டியிருக்கிறது. நான் பார்த்தவரை அந்த மூன்று நாளும் இயற்பியல் தவறால் போவதில்லை. வட்டப் பாதையில் பழகிய கையோடு வருகிறோம். ஒரே அதிர்வெண், ஒரே கட்டம் (அலை தன் சுற்றில் எங்கே நிற்கிறது என்னும் கோணம்), நேரம் போகப்போக ஏறிக்கொண்டே போகும் ஒரு வளைவு என்று மனதில் பதிந்திருக்கிறது. நீள்வட்டத்தில் இந்த மூன்றுமே கிடையாது. கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி அங்கிருந்து முளைப்பவைதான்.

சொற்களைப் பற்றி ஒரு வரி. எக்சென்ட்ரிசிட்டியைப் பாடப்புத்தகம் மையத்தொலைத்தகவு என்கிறது. நான் வட்டவிலகல் என்று எழுதுகிறேன். வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பது பெயரிலேயே இருக்கிறது. இரண்டு கருந்துளைகளும் மிக நெருங்கும் இடம் அண்மைப்புள்ளி, மிக விலகும் இடம் சேய்மைப்புள்ளி.

எதையும் தொடுமுன்: பல்சரை வைத்து ஒரு சோதனை

நிரல் எழுதியதும் கருந்துளைக்குப் போகாதீர்கள். 1974-இல் ஹல்ஸும் டெய்லரும் ஓர் இரட்டை விண்மீன் அமைப்பில் கண்டுபிடித்த பல்சருக்கு (சீரான துடிப்பாக வானொலி அலை அனுப்பும் நியூட்ரான் விண்மீனுக்கு)ப் போங்கள். அதில் இருப்பவை நியூட்ரான் விண்மீன்கள்தான். ஆனால் இரண்டும் தொலைவில் சுற்றுவதால் 1964-இல் பீட்டர்ஸ் தந்த சமன்பாடுகளுக்கு அவையும் ஒன்றுதான், கருந்துளையும் ஒன்றுதான். நிறைகள் சுமார் 1.44, 1.39 சூரிய நிறை. சுற்றுக் காலம் 27,907 வினாடி, அதாவது 7.75 மணி நேரம். வட்டவிலகல் 0.617. இவற்றை உங்கள் நிரலில் கொடுத்து, சுற்றுக் காலம் ஆண்டுக்கு எவ்வளவு குறைகிறது என்று கேளுங்கள்.

சுமார் 76 மைக்ரோவினாடி வந்தால் தொடரலாம். அளந்து பார்த்த மதிப்பும் அதுதான். 6.4-ஐ ஒட்டி வந்தால் வட்டவிலகலால் கதிர்வீச்சு பெருகும் காரணியை விட்டுவிட்டீர்கள். இந்தப் பல்சருக்கு அந்தக் காரணி ஏறத்தாழ 11.85. 47 வந்தால் அந்தக் காரணியின் பகுதியில் (வகுக்கும் பக்கத்தில்) 7/2 அடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் 5/2 போட்டிருக்கிறீர்கள். பீட்டர்ஸின் இரண்டு சமன்பாடுகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் 7/2, மற்றதில் 5/2. பார்த்து எழுதும்போது கண் வழுக்குவது சகஜம். பத்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் போய்ப் பிறகு வருந்தியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு சுற்றிலும் அலை ஓர் இடத்தில் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது

இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு வாரம் என்னை அலைக்கழித்த கோளாறு இது.

நேரத்தைப் பாதையிலுள்ள இடத்தோடு இணைக்கும் கெப்ளர் சமன்பாட்டைத் தீர்த்து, கிடைத்த துணைக் கோணத்திலிருந்து (இதைக் கெப்ளர் கோணம் என்கிறேன்) கருந்துளை உண்மையில் நிற்கும் கோணத்துக்குப் போக ஒரு வாய்பாடு உண்டு. அரைக்கோணத்தின் டேன்ஜென்ட்டை ஒரு காரணியால் பெருக்கி, ஆர்க்டேன்ஜென்ட் எடுப்பது. எல்லாப் புத்தகத்திலும் இதுதான் இருக்கும். ஆர்க்டேன்ஜென்ட் ஒரு சுற்றுக்கு மேல் எண்ணாது. சேய்மைப்புள்ளியைத் தாண்டும்போது கோணம் சட்டென்று ஒரு முழுச் சுற்று பின்னால் விழும். நியூட்டன் அளவில் மட்டும் கணக்கிட்டால் இது தெரியவே தெரியாது. முழுச் சுற்று தாவினாலும் கொசைன் அதே கொசைன்தானே. பொதுச் சார்பியலின் முதல் திருத்தத்தைச் சேர்த்ததும் அந்தக் கோணம் ஒன்றைவிடச் சற்றுப் பெரிய ஓர் எண்ணால் பெருக்கப்படுகிறது. அப்போது தாவல் முழுச் சுற்றாக இருப்பதில்லை, மிச்சம் விழுகிறது. அலை வெட்டுப்படுகிறது. உடனே என்ன நினைப்போம்? புதிதாகச் சேர்த்த சார்பியல் திருத்தத்தில்தான் தவறு என்று அதைத் தோண்டுவோம். நானும் அதைத்தான் தோண்டினேன். போதாக்குறைக்கு, சேய்மைப்புள்ளியில் அலையின் உயரம் மிகக் குறைவு. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒழிய வெட்டு கண்ணில் படாது.

சரி, தீர்வு. உண்மைக் கோணத்தை நேராகக் கணக்கிடாமல், அதற்கும் கெப்ளர் கோணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். பீட்டா என்று ஒரு துணை எண்ணை எடுத்துக்கொண்டால், வித்தியாசம் என்பது பீட்டா பெருக்கல் கெப்ளர் கோணத்தின் சைனை, ஒன்றிலிருந்து பீட்டா பெருக்கல் கொசைனைக் கழித்ததால் வகுத்து, ஆர்க்டேன்ஜென்ட் எடுத்து, இரட்டித்தது. இது எங்கும் தாவாது. பீட்டாவை எழுதும்போது மட்டும் கவனம். ஒன்றிலிருந்து வட்டவிலகலின் வர்க்கத்தைக் கழித்து அதன் வர்க்கமூலத்தை எடுங்கள். ஒன்றிலிருந்து அந்த வர்க்கமூலத்தைக் கழித்து வட்டவிலகலால் வகுக்கும் வடிவம் ஒன்று உண்டு. வட்டவிலகல் பூச்சியமானால் அது பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்கும். வட்டவிலகலை மேலே வைத்து, ஒன்றோடு வர்க்கமூலத்தைக் கூட்டியதால் வகுக்கும் வடிவமும் அதே மதிப்பைத்தான் தரும். அதில் அந்தச் சிக்கல் இல்லை. இரண்டாவதை எழுதுங்கள்.

வட்டவிலகலைப் பூச்சியமாக வைத்ததும் விடை எண்ணாகவே வராமல் போவதற்கு நான் கண்ட காரணங்களில் இதுதான் அடிக்கடி வருவது. அதைச் சரிசெய்த பிறகு வட்டவிலகலை 0.001, 0.0001 என்று குறைத்துக்கொண்டே போய் வட்டப்பாதை அலைவடிவத்தோடு ஒப்பிடுங்கள். வேறுபாடும் அதே விகிதத்தில் குறைந்துகொண்டே வரவேண்டும். ஓர் இடத்தில் நின்றுவிட்டால் வேறெங்கோ இன்னொன்று ஒளிந்திருக்கிறது.

கெப்ளர் தீர்வு சில புள்ளிகளில் மட்டும் தறிகெட்டு ஓடுகிறது

ஓர் ஊகத்தில் தொடங்கிப் படிப்படியாக விடையை நெருங்கும் நியூட்டன்-ராப்சன் முறையில், அந்தத் தொடக்க ஊகம்தான் காரணம். வட்டவிலகல் 0.9-ஐத் தாண்டிய பாதையில் அண்மைப்புள்ளிக்கு அருகே சாய்வு கிட்டத்தட்டப் பூச்சியம். முதல் எட்டே எங்கோ தூக்கி எறிந்துவிடும். சராசரி அனாமலியை (அண்மைப்புள்ளியிலிருந்து கடந்த நேரத்தைச் சீராக ஏறும் கோணமாக எண்ணுவது) முதலில் கழித்தல் பை முதல் கூட்டல் பை வரையுள்ள எல்லைக்குள் மடித்துக்கொள்ளுங்கள். ஊகத்தில் வட்டவிலகலின் 0.85 மடங்கைச் சைனின் குறியோடு சேர்த்துக் கூட்டுங்கள். பெரும்பாலும் இது போதும். போதவில்லை என்றால் 1987-இல் மிக்கோலா தந்த முறைக்கு மாறுங்கள்.

வெடிப்புகளின் உயரம் ஒன்றுபோல் இல்லை. பாதை வேண்டிய வேகத்தைவிட விரைவாகச் சுருங்குகிறது

நீள்வட்டப் பாதையில் ஈர்ப்பலை சீராக வருவதில்லை. அண்மைப்புள்ளியில் ஒரு வெடிப்பு, அப்புறம் நீண்ட மௌனம், அப்புறம் அடுத்த வெடிப்பு. வட்டவிலகல் 0.9 என்றால் வெடிப்பு நடக்கும் நேரம் சுற்றுக் காலத்தில் நூற்றில் மூன்று பங்கு அளவுதான். சம இடைவெளியில் புள்ளி எடுத்தால் உச்சி ஒரு சுற்றில் புள்ளிக்கு நேராக விழும், அடுத்த சுற்றில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் விழும். உயரம் ஏறியிறங்குவது இதனால்தான். ஆற்றல் எந்த மடங்கு அதிர்வெண்ணில் உச்சம் அடைகிறது என்பதற்கு 2003-இல் லின்சிங் வென் தந்த வாய்பாடு கைக்கு அடக்கமானது. அதன்படி 0.5-க்கு ஐந்தாவது ஹார்மோனிக் (சுற்று அதிர்வெண்ணின் ஐந்து மடங்கு), 0.7-க்குச் சுமார் பத்தாவது, 0.9-க்கு ஐம்பத்திரண்டாவது. மாதிரி வீதத்தை அதற்கும் நன்றாக மேலே வையுங்கள்.

பாதை விரைவாகச் சுருங்குவது வேறு விஷயம். மாறாத காலப் படியில் நாலாம் வரிசை ரங்கே-குட்டா (சமன்பாட்டைப் படிப்படியாக நகர்த்தித் தீர்க்கும் முறை) ஓட்டினால் ஒவ்வொரு அண்மைப்புள்ளியிலும் கொஞ்சம் ஆற்றல் கணக்கில் கசியும். அது கதிர்வீச்சுபோலவே தோற்றமளிக்கும் என்பதுதான் ஆபத்து. கதிர்வீச்சுப் பகுதியை அணைத்துவிட்டு ஆயிரம் சுற்று ஓட்டிப் பாருங்கள். ஆற்றலும் கோண உந்தமும் அசையக் கூடாது. அசைந்தால், பிழையைப் பார்த்துப் படியைத் தானாக மாற்றிக்கொள்ளும் தீர்வு முறைக்கு மாறுங்கள்.

நிறமாலையில் முகடுகள் முழு எண் மடங்கில் விழவில்லை

இது கோளாறே இல்லை. திருத்தப் போகாதீர்கள். நீள்வட்டமே சுழல்கிறது, அதனால் ஒவ்வொரு முகடும் இடம் மாறிப் பக்கக் கோடுகளோடு நிற்கிறது.

எவ்வளவு சுழல்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். புதன் கோளுக்குப் பொதுச் சார்பியல் தரும் சுழற்சி நூறு ஆண்டுக்கு 43 வில்வினாடி. ஹல்ஸ்-டெய்லர் பல்சருக்கு ஆண்டுக்கு 4.2 பாகை. மொத்தம் 60 சூரிய நிறையுள்ள இணை, வட்டவிலகல் 0.3, அலையின் சராசரி அதிர்வெண் 20 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். முதல் திருத்தத்தை மட்டும் வைத்தே ஒரு சுற்றுக்குச் சுமார் 83 பாகை வரும். ஒரு சுற்று முடியும்போது நீள்வட்டம் கிட்டத்தட்டக் கால் திருப்பம் திரும்பிவிட்டது. அதனால் "ஒரு சுற்று" என்றால் எது என்பதிலேயே தெளிவு வேண்டும். கோணம் 360 பாகை கடப்பது ஒன்று, அண்மைப்புள்ளியிலிருந்து அடுத்த அண்மைப்புள்ளி வரை போவது மற்றொன்று. சராசரி அனாமலி இரண்டாவதைத்தான் எண்ணுகிறது. கட்டத்தை இரண்டு பையால் மடித்து அதையே அனாமலியாக எடுத்துக்கொண்டால் நாலு சுற்றுக்குள் எல்லாம் இடம் மாறிப் போகும்.

குறைந்த அதிர்வெண்ணில் ஆற்றல் காணாமல் போகிறது

உணர்கருவி 20 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது, நாமும் 20-இல் தொடங்கினோம் என்றால் வட்டப் பாதைக்கு அது சரி. நீள்வட்டத்தில் பாதை இன்னும் அகலமாக இருந்த காலத்திலேயே ஐந்தாவது ஹார்மோனிக் 20 ஹெர்ட்ஸுக்குள் நுழைந்துவிட்டது. அப்போது இரண்டாவது ஹார்மோனிக் 8 ஹெர்ட்ஸில்தான் இருந்திருக்கும். ஆகவே 8-இல் தொடங்க வேண்டும். செலவு ஏறும். வட்டப்பாதைக் கணக்குப்படி தொடக்க அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் அலைவடிவம் ஆறு மடங்குக்கு மேல் நீளும். வேறு வழியில்லை. தொடக்கத்தில் மெதுவாக ஏற்றும் ஜன்னல் போடும்போது, அது ஒரு வெடிப்பின் மேல் விழுந்து அதை மழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேய்மைப்புள்ளியில் தொடங்கினால் தொல்லை குறைவு.

இரண்டு நிரல்களுக்கும் ஒரே வட்டவிலகல் கொடுத்தேன், அலைகள் ஒத்துப்போகவில்லை

நான் கேள்விப்படும் குறைகளில் பாதி இதுதான். பெரும்பாலும் இரண்டு நிரல்களும் சரியாகவே இருக்கும். கேள்விதான் முழுமையாக இருக்காது.

"வட்டவிலகல் 0.1" என்பது அரைகுறைத் தகவல். பாதை சுருங்கும்போது அது வட்டத்தை நோக்கிப் போகிறது. சிறிய மதிப்புகளில் வட்டவிலகல் அதிர்வெண்ணின் கழித்தல் 19/18 அடுக்கில் குறைகிறது. 10 ஹெர்ட்ஸில் 0.1 என்றால் 20 ஹெர்ட்ஸில் 0.048. எந்த அதிர்வெண்ணில் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுப்பது, தேதி இல்லாமல் தங்க விலை சொல்வதுபோல.

அதிர்வெண் என்று எழுதியாகிவிட்டது. எந்த அதிர்வெண்? வட்டவிலகல் 0.5 உள்ள பாதையில் அண்மைப்புள்ளியின் கோணவேகம் சேய்மைப்புள்ளியைப்போல் 9 மடங்கு. சராசரி 20 ஹெர்ட்ஸ் என்றால், ஒரே சுற்றுக்குள் கோணவேகக் கணக்கில் அது சுமார் 7.7-க்கும் 69-க்கும் இடையே போய் வருகிறது. ஒரு நிரல் சராசரியை எடுக்கும், இன்னொன்று அந்தக் கணத்து மதிப்பை எடுக்கும். டியோப்ரெசம்எஸ்-டாலி என்ற அலைவடிவ நிரலில் சராசரியா, அண்மைப்புள்ளியா, சேய்மைப்புள்ளியா என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுக்காமல் விட்டால் அது தன் போக்கில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். சுற்று அதிர்வெண்ணா, அதன் இரட்டிப்பான அலை அதிர்வெண்ணா என்ற பழைய குழப்பம் தனி.

மூன்றாவது, தொடக்கத்தில் கருந்துளைகள் பாதையில் எங்கே நிற்கின்றன என்பது. வட்டத்தில் இந்தக் கேள்வியே எழாது. கட்டத்தை நகர்த்தினால் அலைகள் பொருந்திவிடும். நீள்வட்டத்தில் வெடிப்புகள் எப்போது விழுகின்றன என்பதை அனாமலி தீர்மானிக்கிறது. கட்டத்தையும் நேரத்தையும் மட்டும் நகர்த்தி ஒப்பிட்டுவிட்டுப் பொருத்தம் மோசம் என்று முடிவு கட்டக்கூடாது. வட்டவிலகல், அனாமலி இரண்டையும் சேர்த்து மாற்றிப் பார்க்க வேண்டும். எப்போதும் சேய்மைப்புள்ளியில்தான் தொடங்கும் நிரல்களும் உண்டு. அவற்றில் தொடக்க அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றுவதுதான் அனாமலியை மாற்றும் வழி.

இவை மூன்றும் சரியாக இருந்தும் ஒத்துப்போகவில்லையா? இப்போதுதான் ஆழமான இடத்துக்கு வருகிறோம். பொதுச் சார்பியலில் வட்டவிலகல் என்பதற்கு ஒரே வரையறை கிடையாது. 1985-இல் டமூரும் டெருயெலும் கெப்ளர் பாதையைச் சார்பியலுக்கு நீட்டியபோதே காலத்துக்கு ஒன்று, ஆரத்துக்கு ஒன்று, கோணத்துக்கு ஒன்று என மூன்று வட்டவிலகல்கள் வந்துவிட்டன. ஐஐடி மெட்ராஸ், பெங்களூரின் ஐசிடிஎஸ் ஆய்வாளர்கள் சேர்ந்து 2024-இல் வெளியிட்ட ஈசிக்மாஎச்எம் என்ற அலைவடிவ மாடல் போஸ்ட்-நியூட்டோனியன் வழியில் (நியூட்டன் விதிக்குச் சார்பியல் திருத்தங்களைப் படிப்படியாகச் சேர்ப்பது) பாதையை நகர்த்துகிறது. எஸ்ஈஓபிஎன்ஆர் என்ற மாடல் குடும்பம் வேறு ஆயங்களில் வேலை செய்கிறது. ஒன்றின் 0.2 இன்னொன்றின் 0.2 ஆக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

நிரலுக்குள் இருக்கும் எண்ணை ஒப்பிடுவதை விட்டுவிட்டு, வெளியே வரும் அலையிலிருந்து அளப்பதுதான் நல்ல வழி. (2,2) முறையின், அதாவது அலையின் முதன்மைக் கூறின், அதிர்வெண்ணை எடுங்கள். அதன் முகடுகள் வழியே ஒரு மென்வளைவும் பள்ளங்கள் வழியே ஒரு மென்வளைவும் வரையுங்கள். இரண்டின் வர்க்கமூலங்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண் வரும். அதை அப்படியே பயன்படுத்தாதீர்கள். வட்டவிலகல் சிறியதாக இருக்கும்போது இந்த எண் உண்மை மதிப்பில் முக்கால் பங்குதான் காட்டும், 0.075 என்று வந்தால் அது 0.1. 2022-இல் ராமோஸ்-புவாதெஸும் சக ஆய்வாளர்களும் தந்த திருத்தத்தைச் சேர்த்தால் நியூட்டன் எல்லையில் சரியான மதிப்பு கிடைக்கும். ஜிடபிள்யூ_எக்சென்ட்ரிசிட்டி என்ற பைதான் தொகுப்பு 2023 முதல் இந்த வேலையைச் செய்துதருகிறது. இரண்டு நிரல்களின் அலையையும் அதன் வழியாக விட்டு, வரும் எண்களை ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகும் பேதம் இருந்தால்தான் அது இயற்பியல் பேதம்.

அளக்கப் போனால் முகடே கிடைக்கவில்லை

வட்டவிலகல் 0.01-க்குக் கீழே போனால், ஏறிக்கொண்டே போகும் அதிர்வெண் சின்னச் சின்ன அலைவுகளை விழுங்கிவிடும். அதே நிறைகளுள்ள வட்டப்பாதை அலையைக் கழித்துவிட்டு, மீதியில் முகடு தேடுங்கள். இணைவுக்கு முந்தைய ஓரிரு சுற்றுகளில் முகடு கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். அங்கே அண்மைப்புள்ளி என்று ஒன்று இல்லை, வட்டவிலகலுக்குப் பொருளும் இல்லை.

எண்முறைச் சார்பியல் அலையில் பள்ளங்கள் அமுங்கியிருக்கின்றன

எண்முறைச் சார்பியல் என்பது ஐன்ஸ்டைன் சமன்பாடுகளைக் கணினியில் உருவகமாக ஓட்டித் தீர்ப்பது. அந்த உருவகத்திலிருந்து நேரடியாக வருவது அலை அல்ல, அதன் இரண்டாம் வகைக்கெழு. இருமுறை தொகையிடும்போது தாழ்ந்த அதிர்வெண் இரைச்சல் பெருகாமல் இருக்க ஒரு வெட்டெல்லை வைப்பார்கள். 2011-இல் ரைஸ்விக், பொல்னி தந்த முறை அது. வட்டப்பாதை வழக்கப்படி அந்த எல்லையைத் தொடக்க அதிர்வெண்ணுக்குச் சற்றுக் கீழே வைத்தால், நீள்வட்டத்தில் சேய்மைப்புள்ளியின் உண்மையான அலை அதற்கும் கீழே போய்விடுகிறது. நிரல் அதை இரைச்சலாகக் கருதி அமுக்குகிறது. எல்லையைச் சேய்மைப்புள்ளி அதிர்வெண்ணுக்குக் கீழே இறக்குங்கள். இரைச்சல் கொஞ்சம் கூடும், பொறுத்துக்கொள்ளலாம்.

வட்டவிலகலைக் கூட்டியதும் அலை வெடித்துச் சிதறுகிறது, அல்லது இணைவில் ஓர் உடைப்பு தெரிகிறது

முதலாவதற்கு, நீங்கள் பயன்படுத்தும் வாய்பாடு சிறிய வட்டவிலகலுக்கான தொடர் விரிவா என்று பாருங்கள். அப்படியானால் 0.6-இல் அது பேசுவதை நம்ப முடியாது. ஒன்றிலிருந்து வட்டவிலகலின் வர்க்கத்தைக் கழித்த காரணிகளைத் தனியே வெளியே எடுத்து எழுதிய வடிவத்துக்கு மாறுங்கள். இரண்டாவதற்கு, இணையும் பகுதியை வட்டப்பாதையிலிருந்து எடுத்து ஒட்டும் மாடல்கள் அதற்குள் பாதை வட்டமாகிவிட்டது என்று நம்புகின்றன. ஒட்டும் இடத்தில் வட்டவிலகல் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அச்சிட்டுப் பாருங்கள்.

தரவிலிருந்து அளவிடும்போது போஸ்டீரியர் விசித்திரமாக வருகிறது

தரவைப் பார்ப்பதற்கு முன் நாம் வைக்கும் நிகழ்தகவுப் பரவல் ப்ரையர், பார்த்த பின் கிடைப்பது போஸ்டீரியர். அதைத் துழாவி மாதிரி எடுக்கும் சாம்ப்ளர் பூச்சியத்துக்கு அருகே ஒட்டிக்கொண்டு நகரவில்லை என்றால், அங்கே அனாமலிக்குப் பொருளே இல்லாததுதான் காரணம். வட்டத்தில் அண்மைப்புள்ளி எங்கே இருக்கிறது? வட்டவிலகலை அனாமலியின் கொசைனாலும் சைனாலும் பெருக்கி, அந்த இரண்டையும் மாறிகளாக வையுங்கள். அப்படிச் செய்யும்போது ப்ரையர் மாறிவிடும், அதை ஈடுசெய்யும் காரணியான யாக்கோபியனைச் சேர்க்க மறக்காதீர்கள்.

சிர்ப் நிறை (அலையின் அதிர்வெண் ஏறும் வேகத்தைத் தீர்மானிக்கும், இரு நிறைகளும் சேர்ந்த எண்) எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தால், நீள்வட்ட அலையை வட்ட டெம்ப்ளேட்டால் (ஒப்பிடும் மாதிரி அலையால்) அளந்திருக்கலாம். வட்டவிலகல் இணைவை விரைவுபடுத்துகிறது. வட்ட டெம்ப்ளேட்டுக்கு அந்த வேகத்தைக் காட்ட நிறையைக் கூட்டுவதைத் தவிர வேறு வழி தெரியாது.

வட்டவிலகல் பூச்சியத்திலிருந்து விலகி நிற்கிறது என்று மகிழும் முன்னால் இரண்டு ஓட்டங்கள் ஓட்டுங்கள். ஒன்றில் ப்ரையர் சீராக இருக்கட்டும், மற்றதில் மடக்கை அளவில் சீராக இருக்கட்டும். வட்டவிலகல் கழித்தல் பக்கம் போக முடியாத எண். சீரான ப்ரையரில், சும்மா இரைச்சலுக்குக்கூட உச்சி பூச்சியத்தைவிட்டுத் தள்ளி நிற்கக்கூடும்.

அப்புறம், அலை எவ்வளவு நேரம் நீள்கிறது என்று பாருங்கள். 2019 மே 21 அன்று பதிவான ஜிடபிள்யூ190521-இல் சுமார் 85, 66 சூரிய நிறையுள்ள கருந்துளைகள் இணைந்தன. கருவியின் எல்லைக்குள் இருந்தது ஏறத்தாழ நாலே அலைவுகள், பத்தில் ஒரு வினாடி. அதைத் தற்சுழற்சி அச்சின் தள்ளாட்டமாகவும் விளக்கினார்கள், நீள்வட்டப் பாதையாகவும் விளக்கினார்கள், தொலைவிலிருந்து வந்து நேரே பிடிபட்ட இணையாகவும் விளக்கினார்கள். மூன்றுக்கும் தரவு இடம் கொடுத்தது. உங்கள் அலையும் அவ்வளவு குட்டையானது என்றால், தள்ளாட்டத்தையும் வட்டவிலகலையும் ஒன்றாகக் கையாளும் மாடல் கிடைக்கும்வரை போஸ்டீரியரில் தெரியும் உச்சியை வட்டவிலகல் என்று எழுதாதீர்கள்.